ஒரு காசு, ஒரு பெயர்: குழந்தைகள் குழந்தைகளுக்குக் கொடுத்த கதை

ஏற்காடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரி, படகு, லேடீஸ் சீட், கொண்டை ஊசி வளைவுகள், மே மாதக் கோடை விழா... இவற்றோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடங்கள்! இவ்வளவு சிறிய ஒரு மலை ஊரில் இத்தனை பெயர்பெற்ற பள்ளிகளா என்று ஆச்சரியமாக இருக்கும்.

1894-ல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், குளூனி சகோதரிகளுடையது. 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி, புனித கபிரியேல் சகோதரர்களுடையது. இரண்டு சபைகளும் பிரான்ஸ் நாட்டில் பிறந்தவை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பித் தோட்டங்கள் வந்த பின் வெள்ளைக்காரர்களும், கோயில்களும், கான்வென்ட்களும் வந்தன. ஏற்காடு அப்போது கிறிஸ்தவ நிர்வாகத்தில் பாண்டிச்சேரி மிஷனைச் சேர்ந்தது. சேலம் தனி மறைமாவட்டம் ஆனது 1930-ல்தான்.

சரி, இதை ஏன் சொல்கிறேன்? அந்தக் காலத்தில் நம் பக்கத்து மிஷன் பள்ளிகளும் அனாதை விடுதிகளும் யார் காசில் நடந்தன என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? பணக்காரர்கள் கொடுத்தார்கள், சர்க்கார் மானியம் கொடுத்தது, எல்லாம் சரி. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு வெளிநாட்டுக் குழந்தைகளின் உண்டியலில் இருந்து வந்தது. ஆம், நம்மைவிடச் சின்னப் பிள்ளைகள்! தாங்கள் பார்த்தே இராத நாட்டில், பார்க்கவே போகாத பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கிடைக்கட்டும் என்று கொடுத்த சில்லறை.

அந்தச் சில்லறையின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. இதில் நெகிழ வைக்கும் விஷயமும் இருக்கிறது, நெருடுகிற விஷயமும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

மாதம் ஒரு ஸூ

பிரான்சில் போலின் ஜாரிக்கோ என்ற பெண்மணி 1822-ல் லியோன் நகரத்தில் மிஷன்களுக்குப் பணம் திரட்ட ஒரு எளிய வழியைப் பரப்பினார். ஏழைத் தொழிலாளர்கள் பத்துப் பத்துப் பேராகச் சேர வேண்டும். ஆளுக்கு வாரம் ஒரு ஸூ கொடுக்க வேண்டும். ஸூ என்பது ஐந்து சாந்தீம், அதாவது ஒரு பிராங்கில் இருபதில் ஒரு பங்கு. நம் ஊர்ச் சீட்டுக் குழு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் திரும்பி வராத சீட்டு!

நான்சி நகரத்து ஆயர் ஃபோர்பின்-ஜான்சன் இதே வழியைக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். 1843-ல் அவர் தொடங்கியதுதான் திருப்பாலத்துவ சபை. சீனாவில் கைவிடப்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றுவதுதான் முதல் நோக்கம். விதி மிகச் சுலபம்: ஒவ்வொரு குழந்தையும் தினம் ஒரு சின்ன ஜெபம், மாதம் ஒரு ஸூ. பன்னிரண்டு குழந்தைகள் சேர்ந்தால் ஒரு குழு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மாதம், மாதம் ஐந்து சாந்தீம். ஆண்டுக்கு ஒரு குழுவிடம் சேருவது 7 பிராங்க் 20 சாந்தீம் மட்டுமே. இதை வைத்து என்ன செய்ய முடியும் என்று தோன்றும். ஆனால் குழுக்கள் நூறாகி, ஆயிரமாகி, ஐரோப்பா முழுவதும் பரவியபோது அந்தப் பணத்தில் கப்பல் ஏறிப் போய் அனாதை விடுதிகளை நடத்த முடிந்தது. சீனாவோடு நிற்காமல் பாண்டிச்சேரி உட்பட இந்திய மிஷன்களுக்கும் உதவி வந்தது.

நமக்கு அது தேவைப்பட்ட காலமும் இருந்தது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார்கள் வழியாகவாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று சேலம். 1871 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் ஜில்லாவில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். அடுத்து 1881-ல் எண்ணியபோது இருந்தது 16 லட்சம்! பத்து ஆண்டில் கூட வேண்டிய ஜனத்தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. பஞ்சத்தில் செத்தவர்கள், பிழைக்க ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள், எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாமல் மிஞ்சிய பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர்களில் கத்தோலிக்க மிஷன்களும் உண்டு, புராட்டஸ்டண்ட் மிஷன்களும் உண்டு. அந்த விடுதிகளில் பொங்கிய கஞ்சிக்கு எங்கோ ஒரு சிறுமி மிட்டாய் வாங்காமல் சேர்த்த காசும் ஒரு காரணம் என்று நினைத்தால் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்கிறது.

குழந்தைக்கு ரசீது வேண்டுமே!

ஆனால் ஒரு சிக்கல். பெரியவர்களிடம் "புண்ணியம்" என்று சொல்லிப் பணம் வாங்கிவிடலாம். குழந்தைகளிடம் மாதாமாதம் வாங்க வேண்டுமானால் அது போதாது. கொடுத்த காசு என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும். பணம் திரட்டிய பெரியவர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

லண்டன் மிஷனரி சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1827 முதல் சேலத்தில் வேலை செய்த சங்கம் இது. இதன் மிஷனரி ஜான் வில்லியம்ஸ் 1839-ல் பசிபிக் தீவொன்றில் கொல்லப்பட்டார். அவர் பெயரில் ஒரு கப்பல் வாங்க 1844-ல் இங்கிலாந்துச் சிறுவர்கள் சேர்த்த தொகை ஆறாயிரம் பவுனுக்கும் மேல்! அந்தக் கப்பல் பின்னால் மோதி உடைந்தது. மறுபடி பிள்ளைகளிடமே போனார்கள், மறுபடி கப்பல் வந்தது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஏழு கப்பல்கள் அதே பெயரில் ஓடின.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1856-ல் 'மார்னிங் ஸ்டார்' என்ற மிஷன் கப்பலுக்காக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து சென்ட் விலையில் பங்குகள் விற்றார்கள். பங்குக்குச் சான்றிதழும் உண்டு. "இந்தக் கப்பலில் எனக்கும் ஒரு பலகை சொந்தம்" என்று ஒரு பையன் நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? நல்ல யோசனைதான். பாராட்டலாம்.

கப்பலுக்குச் சரி. ஆனால் அதே யோசனையை மனிதக் குழந்தைக்குப் பொருத்தினால்?

திருப்பாலத்துவ சபையில் அதுவும் நடந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவர்தான் தூரதேசத்துக் குழந்தைக்கு ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தை. அவர் பெயரே அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயர். நூறு வருடம் கழித்தும் இந்தப் பழக்கம் மாறவில்லை. 1950-களில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஐந்து டாலர் சேர்த்தால் ஒரு "அஞ்ஞானக் குழந்தை"க்குப் பெயர் வைக்கலாம், சான்றிதழும் வரும். பிள்ளைகள் இதைப் பேச்சுவழக்கில் குழந்தையை "வாங்குவது" என்றே சொன்னார்கள்.

ஜெர்மன் பேசும் நாடுகளில் வேறொரு பொருள் இருந்தது. மாதா கோயில்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் வைத்திருந்த ஒரு உண்டியல். அதன்மேல் மண்டியிட்டுக் கும்பிடும் கறுப்புச் சிறுவன் பொம்மை. காசு போட்டால் பொம்மை தலையை ஆட்டி நன்றி சொல்லும்! காசு போடப் போட ஆட்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. அந்தப் பொம்மை யாரைக் குறித்ததோ, அந்தப் பிள்ளைகளின் இடத்தில் இருந்து ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் மாறிய பெயர்கள்

பெயரை விலையாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. அதற்கு நாம் ஏற்காட்டு மலையை விட்டு, கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் போக வேண்டும்.

1816-ல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கியது. 1823-ல் வட்டுக்கோட்டை செமினரி, 1824-ல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளி. பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, சோறு போட்டு, தமிழும் இங்கிலீஷும் கணக்கும் வானசாஸ்திரமும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் சோறே பெரிய பிரச்சினை. மிஷன் வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட்டால் சாதி போய்விடும் என்று வீட்டுக்காரர்கள் விடவில்லை. சமையலையும் சாப்பாட்டையும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. இலவசச் சோறு என்றாலும் அதற்கும் ஒரு விலை இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது!

இந்த விடுதிகளுக்குப் பணம் அமெரிக்காவில் இருந்து வந்தது. ஒரு சபையோ, பெண்கள் சங்கமோ, ஞாயிறு பள்ளியோ ஒரு தமிழ்ப் பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளைக்குத் தங்களுக்குப் பிடித்த பெயரை வைக்கலாம். தங்கள் பாதிரியார் பெயரோ, இறந்துபோன உறவினர் பெயரோ. அப்படித்தான் பழைய யாழ்ப்பாணத்துப் பெயர்ப் பட்டியலில் கரோல், நெவின்ஸ், ஆர்னல்ட் என்றெல்லாம் வருகிறது.

கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை... இந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாதி பாஸ்டன், பாதி சிதம்பரம்!

அந்தப் பணத்தைத் திரட்டிய ஆட்களில் நமக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். டாக்டர் ஜான் ஸ்கடர். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்துவிட்டு 1836-ல் சென்னைக்கு வந்தவர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்தி. உடல்நலம் கெட்டு 1842-ல் அமெரிக்கா திரும்பிய டாக்டர் ஸ்கடர், அங்கே இருந்த நாலு வருஷமும் ஊர் ஊராகப் போய்ச் சிறுவர் கூட்டங்களில் பேசினார். அவர் பேச்சைக் கேட்ட பிள்ளைகள் ஒரு லட்சம் என்று சொல்வார்கள். குழந்தைகளுக்கென்றே புத்தகங்களும் எழுதினார். காசு சேருங்கள், தையல் சங்கம் வையுங்கள், பெரியவனானால் நீங்களே மிஷனரியாக வாருங்கள் என்பதுதான் சாரம்.

ஆனால் பிள்ளைகளின் மனதைத் தொட அவர் காட்டிய இந்தியா எது தெரியுமா? தேர்ச்சக்கரத்தில் விழுந்து சாகிற பக்தர்கள், முதுகில் கொக்கி மாட்டிச் செடில் ஆடுகிறவர்கள், இதுதான். இவையெல்லாம் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. செடில் நம் ஊர்களில் இருந்ததுதான். ஆனால் அதே தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன, ஏடுகள் இருந்தன, அன்ன சத்திரங்கள் இருந்தன, நிலாச்சோறு ஊட்டிய அம்மாக்களும் இருந்தார்கள். அவை கதையில் வந்தால் உண்டியலில் காசு விழாதே! காசு விழ வேண்டுமானால் இங்குள்ள பிள்ளை பரிதாபமாகவும், அதன் தாய் தகப்பன் மூடர்களாகவும் தெரிய வேண்டும். அன்று தொடங்கிய இந்த வழக்கம், ஈ மொய்க்கும் குழந்தையின் படத்தைப் போட்டு நிதி கேட்கும் விளம்பரங்கள் வரை நீண்டது.

பெயர் வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்?

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. இன்னொருவர் தாமோதரம்பிள்ளை. இந்தத் தாமோதரம்பிள்ளைதான் பின்னால் ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்து தொல்காப்பியம், வீரசோழியம், 1887-ல் கலித்தொகை என்று ஒவ்வொன்றாக அச்சில் ஏற்றியவர். உ.வே.சா.வுக்கு முன்னோடி. சைவராகவே வாழ்ந்து 1901-ல் இறந்தார்.

மிஷன் பள்ளிகளுக்குப் போட்டியாக ஆறுமுக நாவலர் 1848-ல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அந்த வழியில் 1890-களில் வளர்ந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியைப் பல ஆண்டுகள் நடத்திய அதிபரின் பெயரைக் கேளுங்கள்: நெவின்ஸ் செல்வதுரை! யாரோ ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவரின் ஞாபகமாக வைக்கப்பட்ட பெயர், இந்துக் கல்லூரி அதிபரின் பெயராக வந்து உட்கார்ந்துவிட்டது. காசு கொடுத்தவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். கொடுத்தவர்கள் பெயரை எழுதலாம், ஆனால் அந்தப் பிள்ளை யாராக வளரும் என்பதை எழுத முடியாது. படிப்பு அப்படிப்பட்ட பொருள். ஒருவனுக்கு எழுத்தைக் கொடுத்துவிட்டால் அதை வைத்து அவன் பைபிளையும் படிப்பான், தொல்காப்பியத்தையும் பதிப்பிப்பான்.

அதனால் அந்த உண்டியல் காசு வீணாயிற்று என்று ஒருபோதும் சொல்ல முடியாது. அதே சமயம் ஒரு கேள்வி நிற்கிறது. இவர்களெல்லாம் பெயர் சொல்லத் தெரிந்த பெரிய மனிதர்கள். பெயரை மாற்றிக்கொண்டு, படம் எடுக்கப்பட்டு, நன்றிக் கடிதம் எழுதவைக்கப்பட்டு, பட்டியலில் ஒரு எண்ணாக மட்டும் மிஞ்சிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்தச் சோறு எப்படி இறங்கியிருக்கும்? ஒருவேளை அவர்களுக்குப் பசிதான் பெரிதாக இருந்திருக்கும், பெயர் பெரிதாக இருந்திருக்காது. ஆனால் பசித்தவனிடம் "பெயரா, சோறா" என்று கேட்கும் நிலைமையை யாரும் உண்டாக்காமல் இருந்திருக்கலாம் அல்லவா?

பெயர் கேட்காத காசு

அப்படிக் கேட்காமலும் கொடுக்க முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு.

1950-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா பக்கத்தில் ஒரு பாதிரியார் குடும்பம் ஒரு யோசனை செய்தது. அக்டோபர் 31 ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்பார்கள். அன்று மிட்டாயோடு யுனிசெஃப்புக்குச் சில்லறையும் கேட்கட்டுமே! காலிப் பால் டப்பாவை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் போனார்கள். முதல் வருஷ வசூல் 17 டாலர். வெறும் 17! பின்னாளில் அமெரிக்கா முழுக்கப் பரவி, பல கோடி டாலர் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, எந்தப் பிள்ளைக்கும் "உன் குழந்தை" என்று ஒரு படம் தரப்படவில்லை. பால் பவுடருக்கும் தடுப்பூசிக்கும் மருந்துக்கும் போயிற்று. குடித்த பிள்ளைக்குக் கொடுத்த பிள்ளையைத் தெரியாது. கொடுத்த பிள்ளைக்கும் குடித்த பிள்ளையைத் தெரியாது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. பிடியரிசி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தினமும் உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைப்பது. மாதக் கடைசியில் தெரு முழுவதும் சேர்ந்த அரிசி பொதுக் காரியத்துக்குப் போகும். எந்தப் பிடி யார் வயிற்றுக்குப் போனது என்று யாருக்குமே தெரியாது. அரிசியில் பெயர் எழுத முடியாது, நல்லவேளை!

உண்டியலில் இருந்து உரிமைக்கு

தமிழ்நாடு இதை இன்னொரு பெரிய வழியிலும் செய்து காட்டியது.

1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் ஆகக்கூடாது என்று கணக்கு. மறுபடியும் ஒரே ஒரு காசு! ஆனால் இது உண்டியல் காசு இல்லை, வரிப்பணம். பக்கத்துப் பள்ளிகளுக்கும் பரவிய இந்தத் திட்டம், ஆரம்பக் கல்வி நிதியை இதற்குச் செலவழிக்க வெள்ளைக்கார அரசு சம்மதிக்காததால் 1925-ல் நின்றுபோனது.

பிறகு 1956-ல் காமராஜர். கல்வித் துறை இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. முதலில் ஊர் மக்களிடம்தான் கையேந்தினார்கள். நெல்லும் பருப்பும் காய்கறியும் பாத்திரங்களும் வந்தன. பின்பு அரசே பெரும்பங்கு செலவை ஏற்றது. 1961 முதல் கேர் என்ற அமெரிக்க நிறுவனம் வழியாகப் பால் பவுடர், எண்ணெய் எல்லாம் வந்தன. அவை பெரும்பாலும் அமெரிக்காவில் மிஞ்சிய விளைச்சல். 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் வந்தபோது இது மாநிலம் முழுவதும் பெரிய அமைப்பாயிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது.

கவனியுங்கள். 1843-ல் ஒரு பிரெஞ்சுச் சிறுமி மாதம் ஒரு ஸூ போட்டாள், அவள் மனசு வைத்தால் உண்டு. 1956-ல் ஊர் மனசு வைத்தால் உண்டு. 1982-க்குப் பிறகு யார் மனசு வைக்க வேண்டும் என்ற கேள்வியே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பிள்ளை யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம். தலையாட்ட வேண்டாம். சாம்பாரில் உப்பில்லை என்று குறையும் சொல்லலாம்! நன்றிக் கடிதம் எழுத வேண்டிய பிள்ளையால் அது முடியுமா?

அப்படியானால் வெளிநாட்டுக்குக் கொடுப்பதே தப்பா?

இல்லவே இல்லை. எல்லா நாட்டிலும் சத்துணவு அமைச்சர் இல்லை. போர் நடக்கிற இடத்தில், பஞ்சம் வந்த இடத்தில், அரசே இல்லாமல் போன இடத்தில் யார் சோறு போடுவது? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் எத்தனை நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் காசு வந்தது! அதை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இருக்கவில்லை. நாளை நம் வகுப்பிலும் யாராவது டப்பாவோடு வந்து நிற்கலாம். போடத்தான் வேண்டும்.

இந்தக் கதையில் குழந்தைகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. லியோன் நகரத்துச் சிறுமி தன் சொந்த ஸூவைத்தான் கொடுத்தாள். பெயர், சான்றிதழ், தலையாட்டும் பொம்மை எல்லாம் பெரியவர்கள் கண்டுபிடித்தவை. குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆசை மட்டும் போதாது, பதிலுக்கு ஏதாவது வேண்டும் என்று பெரியவர்களே முடிவுசெய்துகொண்டார்கள். 17 டாலர் வசூல் செய்த பிள்ளைகள் அந்த முடிவு தப்பு என்று காட்டிவிட்டார்கள்.

அதனால் டப்பாவில் போடும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, அந்தப் பிள்ளையின் படம் இருக்கும் மாதிரி என் படத்தை ஒட்டினால் நான் சும்மா இருப்பேனா? இரண்டு, இந்தக் காசு ஒரு பிள்ளையைத் தனியாகப் பிரித்து எடுக்கிறதா, அல்லது அதன் பள்ளிக்கும் சமையல்கூடத்துக்கும் போகிறதா? மூன்று, எனக்கு நன்றியே வராவிட்டாலும் கொடுப்பேனா? மூன்றாவதுக்கு "ஆம்" என்றால் மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழில் ஒரு அழகான பெயர் இருக்கிறது: உண்டு உறைவிடப் பள்ளி. சாப்பிட்டு, தங்கி, படிக்கிற இடம். அவற்றில் குறைகள் இருக்கலாம், கட்டிடமும் ஆசிரியரும் போதாமல் இருக்கலாம், அதைக் கேட்க வேண்டியது நம் கடமை. ஆனால் வட்டுக்கோட்டையில் 1823-ல் செய்ததும் இதேதான்: உண்டு, உறைந்து, படிப்பது. நடுவில் இருநூறு வருஷம். மாறியது ஒன்றே ஒன்று. ஏற்காட்டு மலைப் பிள்ளை அங்கே சேரும்போது ஆசிரியர் கேட்பது "உன் பெயர் என்ன?" என்றுதான். அது சொல்லும் பெயரை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய கதை ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள் நண்பர்களே. யார் காசில் நடந்தது, பதிலுக்கு என்ன கேட்டார்கள் என்று சேர்த்துப் பார்ப்போம்.